ஒற்றைக் காலுக்கு ஒரு டிரம் செட்: கொழிஞ்சாம்பாறைப் பட்டறை குறித்து ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் வழியில், பெயர்ப்பலகை ஏதும் இல்லாத ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர், மிக்சர், கீபோர்டு, ஆக்டோபேட் (குச்சியால் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் தாளப் பலகை) ஆகியவற்றைப் பழுது பார்ப்பதுதான் அங்கே அன்றாடம் நடக்கும் வேலை. ஆனால் பாலக்காடு, கோவை, பொள்ளாச்சி வட்டாரங்களில் கானமேளாவுக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் தேவாலயப் பாடல் குழுவுக்கும் வாசிக்கிற டிரம்மர்களில் சிலர் அந்தப் பட்டறையைத் தேடிச் செல்வது வேறொரு காரணத்துக்காக. கையோ காலோ வலுவிழந்த கலைஞர்களுக்கு ஏற்றவாறு டிரம் செட்டை மாற்றியமைத்துத் தரும் வேலையை அதன் உரிமையாளர் பொறுமையாகவும் முறையாகவும் செய்து தருகிறார். குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் வலது கால் சூம்பிப்போன நான், டிரம்ஸ் வாசித்தே குடும்பம் நடத்துகிறவன். சென்ற மழைக்காலத்தில் என் செட்டை அங்கே கொடுத்து மாற்றியமைத்துக்கொண்டு, அதன் பிறகு வந்த திருவிழாக் காலம் முழுவதும் அதிலேயே வாசித்துவிட்டேன். ஆகவே மேடையில் தாக்குப்பிடித்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன் என்ற நிச்சயத்தோடு இதை எழுதுகிறேன். உரிமையாளர் தனியாளாக வேலை பார்ப்பவர். கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது என்பதால் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அந்தச் சாலையில் ‘பேட் ரிப்பேர்’ என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் தாள வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. பாலக்காடு மணி ஐயரின் பெயரை மிருதங்க உலகில் உச்சரிக்காதவர்கள் கிடையாது. பெருவெம்பில் தோல் வாத்தியம் செய்யும் குடும்பங்கள் மிருதங்கம், மத்தளம், செண்டை என்று இன்றும் வேலை செய்துவருகின்றன. ஆயினும் காலிபர் (வலுவிழந்த காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) அணிந்த காலோடு இவற்றைத் தொழிலாக ஏற்பது எளிதல்ல. மிருதங்கத்துக்குத் தரையில் சம்மணமிட்டு அமர வேண்டும். செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தறை மேளம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீள்வது; அவ்வளவு நேரம் நின்று வாசிப்பதற்கு இரண்டு கால்களிலும் உரம் வேண்டும். தாளத்தின் மேல் தீராத ஆசை கொண்ட ஒரு போலியோச் சிறுவன் டிரம் செட்டிடம் வந்து சேர்ந்ததற்கு முதற்காரணம், அதில் ஸ்டூல் இருந்தது என்பதுதான்.

ஆனால் அமர்ந்து வாசிக்கும் வசதியைத் தருகிற அதே வாத்தியம், இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலைக்குக் கேட்கிறது. வலது கால் பெரிய டிரம்மை அடிக்கும் கிக் பெடலை மிதிக்க வேண்டும். இடது கால் ஹை-ஹேட் பெடலை அழுத்தியும் விட்டும் அதன் ஜோடிச் சிம்பல்களை (உலோகத் தட்டுகளை) மூடித் திறக்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் இரண்டு. செட் முழுவதையும் இடக்கைக்காரருக்கு வைப்பதுபோல் திருப்பி வைப்பது ஒன்று. இரண்டு கால்களாலும் கிக் அடிக்க உதவும் டபுள் பெடல் வாங்கி, அதன் இடப்பக்கப் பெடலை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, ஹை-ஹேட்டை எப்போதும் மூடியே வைத்துவிடுவது மற்றொன்று. முதல் வழி வீட்டில் பழகுகிறவருக்குச் சரியாக இருக்கலாம். ஒரே மேடையில் ஒரே செட்டைப் பல குழுக்கள் மாறி மாறி வாசிக்கும் திருவிழா இரவுகளில், ஒருவருக்காக அத்தனையையும் திருப்பி வைத்து, மறுபடி பழையபடி வைக்க எவரும் காத்திருக்க மாட்டார்கள். எனவே இரண்டாம் வழியில்தான் நீண்ட காலம் வாசித்துவந்தேன்.

அந்த வழியின் குறைகளைச் சொன்னால்தான் பட்டறை செய்த வேலையின் அருமை விளங்கும். டபுள் பெடலில் இரண்டு பெடல்களையும் இணைக்கும் தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் இருக்கின்றன. இடது கால் கொடுக்கும் விசை அந்த மூட்டுகளைக் கடந்துதான் டிரம்மை அடிக்கும் சுத்தியான பீட்டரைச் சென்றடைகிறது. மூட்டு சற்றே தேய்ந்தாலும் போதும், கால் மிதித்த உணர்வுக்கும் பீட்டர் தோலைத் தொடுவதற்கும் நடுவே ஒரு தளர்வு வந்துவிடும். அந்தத் தளர்வை ஈடுகட்டக் காலை முன்கூட்டியே மிதிக்கப் பழகிக்கொண்டால், வேறொருவரின் பெடலில் வாசிக்கும்போது தாளம் முந்திக்கொள்ளும். மூடியே கிடக்கும் ஹை-ஹேட்டோ, பாட்டின் சுவாசத்தையே எடுத்துவிடுகிறது. எண்பதுகளின் தமிழ், மலையாளப் பாடல்களில் பல்லவி முடிந்து இடையிசைக்குப் போகும் இடத்தில் ஹை-ஹேட் ஒரு முறை திறந்து மூடும். கேட்பவருக்கு அது இருப்பதே தெரியாது. இல்லாவிட்டால் பாடகர் திரும்பிப் பார்ப்பார். இதற்கு என்ன செய்யலாம் என்று பெருநகரத்துக் கடை ஒன்றில் கேட்டபோது, விற்பனையாளர் என் காலைப் பார்த்துவிட்டு, “நீங்க கீபோர்டு பழகலாமே சார்” என்றார். மேடையில் வாசித்துப் பிழைக்கும் ஒருவரிடம் சொல்லத்தக்க யோசனை அல்ல அது.

கொழிஞ்சாம்பாறையில் பேச்சு தொடங்கிய விதமே வேறாக இருந்தது. எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்ற கேள்விகளெல்லாம் பிறகுதான் வந்தன. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்டூலில் என்னை அமர வைத்து, கண்களை மூடிக்கொண்டு, மனதில் ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்படி உரிமையாளர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து பார்த்தால், என் இடது பாதம் முதலில் வைத்த இடத்தை விட்டு நகர்ந்து, விரல்கள் வெளிப்புறம் பார்த்தபடி நின்றிருந்தது. அவர் தரையில் குனிந்து, குதிகாலைச் சுற்றி ஒரு கோடும் கட்டைவிரல் நுனியில் ஒரு கோடுமாகச் சாக்குக்கட்டியால் போட்டுக்கொண்டார். “கால் தானா எங்க போய் நிக்குதோ, அங்கதானுங்க பெடல் வரணும். பெடல் இருக்கிற எடத்துக்கு நாம காலக் கொண்டு போனா, கச்சேரி முடியறதுக்குள்ள இடுப்பு போயிருமுங்க” என்றார். பிறகு என் வலது முழங்காலின் வெளிப்பக்கம் தம் உள்ளங்கையை வைத்து, தள்ளிப் பார்க்கச் சொன்னார். உட்பக்கம் வைத்துத் தள்ளச் சொன்னார். மேலே தூக்கச் சொன்னார். வெளிப்பக்கம் தள்ளும்போது மட்டும் அவர் கை சற்று அசைந்தது. அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

இந்தச் சோதனைக்கு உடற்கூற்று அடிப்படை உண்டு. போலியோ கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கிறது; தொடு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் பாதிக்கப்படுவதில்லை. அதனால் சூம்பிய காலிலும் உணர்ச்சி குறையாமல் இருக்கும். எல்லாத் தசைகளும் ஒரே அளவில் பழுதாவதும் இல்லை. எனக்குக் கணுக்காலும் முழங்காலும் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனால் இடுப்பிலிருந்து தொடையைப் பக்கவாட்டில் தள்ளும் வலு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அந்த மிச்ச வலுவுக்கு இசையில் ஒரு வேலை இருக்கிறது என்று இதற்கு முன் எந்த மருத்துவமனையிலும் எந்த வாத்தியக் கடையிலும் எவரும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். தொழிலாக வாசிப்பவர்களுக்கு இது முக்கியம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். போலியோ வந்து பல ஆண்டுகள், பெரும்பாலும் 15 முதல் 40 ஆண்டுகள், கழிந்த பிறகு தசைகளில் புதிதாகத் தளர்ச்சியும் அயர்ச்சியும் வலியும் தோன்றுவதுண்டு. நன்றாக இருப்பதாக நாம் நம்பியிருக்கும் காலையும் அது விட்டுவைப்பதில்லை. இந்தியாவில் இயற்கைக் கிருமியால் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். அதாவது போலியோவோடு மேடையேறும் எங்கள் தலைமுறையில் பெரும்பாலோர் நடுவயதைத் தொட்டுவிட்டோம். அந்தத் தளர்ச்சி தலைகாட்டும் பருவத்தில்தான் இருக்கிறோம். நடப்பதற்கும் நிற்பதற்கும் முழுப் பாரத்தையும் தாங்கும் இடது காலிடமே கிக் வேலையையும் கொடுக்கும்போது, எவ்வளவு குறைந்த விசையில் அதைச் செய்யவைக்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் வேகத்தைப் பற்றியும் ஒலியைப் பற்றியும் பேசுவார்கள். காலின் ஆயுளைப் பற்றி என்னிடம் பேசிய முதல் ஆள் இவர்தான்.

கிக் பகுதியில் அவர் செய்த மாற்றம் எளிமையானது. என்னிடம் இருந்தது எலக்ட்ரானிக் செட் என்பதால் பெரிய டிரம் உருளைக்கு அவசியமில்லை. ரப்பர் முகத்துக்குப் பின்னால் பீசோ சென்சார் ஒட்டிய சிறிய கிக் பேட் ஒன்று போதும். பீட்டர் பட்டதும் எழும் அதிர்வை அந்தச் சென்சார் மின்துடிப்பாக மாற்றி, ஒலியை எழுப்பும் பெட்டியான மாட்யூலுக்கு அனுப்புகிறது. அடித்தது எந்தக் கால் என்று மாட்யூலுக்குத் தெரியாது. ஆகவே தண்டும் மூட்டும் இல்லாமல், சாக்குக்கட்டிக் கோடு விழுந்த அதே கோணத்தில், இடது பாதத்துக்கு நேராக ஒற்றைப் பெடலையும் பேடையும் நிறுத்திவிட்டார். பெடலின் ஸ்பிரிங்கை நன்றாகத் தளர்த்தி, பீட்டர் பின்னால் போகும் தூரத்தையும் குறைத்து, அதனால் மெலிந்த அடியை மாட்யூலின் சென்சிட்டிவிட்டியைக் கூட்டி ஈடுகட்டினார். முன்பு தொடையிலிருந்து மிதித்த இடத்தில் இப்போது கணுக்காலின் அசைவே போதுமானதாக இருக்கிறது.

ஹை-ஹேட்டுக்கு அவர் செய்து தந்த முழங்கால் நெம்புகோல்தான் இந்தப் பட்டறையின் மிகச் சிறந்த வேலை. எலக்ட்ரானிக் செட்டின் ஹை-ஹேட் பெடலுக்குள் இருப்பது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதற்கேற்ப மின்தடையை மாற்றும் ஒரு பாகம். அந்த மாற்றத்தைப் படித்துத்தான் சிம்பல் திறந்திருக்கிறதா, பாதி மூடியிருக்கிறதா, முழுதாக மூடியிருக்கிறதா என்று மாட்யூல் முடிவு செய்கிறது. பெடலின் உடலை எடுத்துவிட்டு, அந்தப் பாகத்தை மட்டும் ஒரு கைப்பிடி அளவு இரும்புப் பெட்டிக்குள் வைத்து, செட்டின் பேடுகளைத் தாங்கும் ரேக் குழாயில் என் வலது முழங்காலுக்கு வெளியே வரும்படி கிளாம்ப் போட்டு இறுக்கினார். பெட்டியிலிருந்து நீளும் அலுமினியப் பட்டை ஒரு கீலில் அசைகிறது. தொடையை வெளியே தள்ளினால் ஹை-ஹேட் மூடும், தளர்த்தினால் திறக்கும். பட்டையில் முதலில் ஸ்பாஞ்சு ஒட்டிப் பார்த்தார். காலிபரின் எஃகுக் கம்பி அதில் வழுக்கியது. பிறகு பெருவெம்பிலிருந்து வாங்கி வைத்திருந்த மத்தளத் தோல் துண்டு ஒன்றை ஊறவைத்து, இழுத்துத் தைத்து, காய்ந்த பின் அதன் சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி பொருத்தினார். காலிபர் கம்பி அந்தத் தோலில் பதிந்து நிற்கிறது. கம்பியின் மேலும் அதே தோலைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். உலோகம் உலோகத்தில் படும் ‘டிக்’ ஓசை பக்கத்து மைக்கில் ஏறிவிடும் என்பது மேடையறிந்தவர்களுக்கே தோன்றும் சிந்தனை.

பழக எனக்குச் சில வாரங்கள் ஆயின. இத்தனை காலம் சும்மா கிடந்த தொடைக்கு நேரம் பார்த்துத் தள்ளும் பொறுப்பு வந்தபோது, முதலில் கையும் சேர்ந்தே தடுமாறியது. தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை மிக மெதுவாக வைத்து, நான்காம் எண்ணிக்கையில் மட்டும் திறப்பது, பிறகு இரண்டாம் எண்ணிக்கையின் பின்பாதியில் திறப்பது என்று படிப்படியாகவே போக வேண்டியிருந்தது. உணர்ச்சி குறையாத கால் என்பதால், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தோலிலேயே தெரிகிறது. பாதித் திறப்பு, கால்வாசித் திறப்பு என்ற நுட்பங்கள் கைகூடியது அதனால்தான். கச்சேரியில் முதல் முறையாக ஹை-ஹேட் அதன் இடத்தில் திறந்து மூடியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே அடக்கிச் சொல்ல விருப்பமில்லை. அன்று நான் வாசித்ததுதான் நான் வாசிக்க நினைத்தது.

ஒரு உறுப்பின் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் இந்த வழிக்கு உலகறிந்த முன்னோடி ஒருவர் இருக்கிறார். டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தார். சிம்மன்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் பேடுகளோடு கால் பெடல்களை இணைத்து, இடது கை அடித்துவந்த ஸ்னேர் டிரம் முதலிய ஒலிகளை இடது காலுக்கு மாற்றிக்கொண்டார். 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் காஸில் டானிங்டனில் நடந்த பெருவிழாவில் அந்தச் செட்டோடு மேடையேறினார். 1987இல் வெளிவந்த அக்குழுவின் ‘ஹிஸ்டீரியா’ இசைத்தொகுப்பில் வாசித்திருப்பவரும் அவரே. அவருக்குக் குழுவும் பணமும் பொறியாளர்களும் துணை நின்றனர். இந்தப் பட்டறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் ஊதியத்தைக் கச்சேரி முடிந்த பிறகு கையில் வாங்கும் ஒருவருக்கு அதே தரத்திலான கவனிப்பு ஒரு பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கிறது என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

மேடையில் இந்த அமைப்பு எப்படி நடந்துகொண்டது என்பதற்கு வருகிறேன். பலகை போட்ட தற்காலிக மேடைகள் எங்கள் பக்கத்தில் அதிகம். நடனக்காரர்கள் குதிக்கும்போது பலகை அதிர்ந்து, அந்த அதிர்வைக் கிக் பேட் அடியாக எண்ணிக்கொண்டு தானாக ஒலித்த தொந்தரவு தொடக்கத்தில் இருந்தது. சென்சிட்டிவிட்டியைக் கூட்டி வைத்ததன் விளைவு இது. திரும்பக் கொண்டுபோனதும் மாட்யூலில் திரெஷோல்டை (அடியாக எண்ணப்படும் குறைந்தபட்ச அதிர்வளவை) உயர்த்தி, பெடலுக்கும் பேடுக்கும் அடியில் இரண்டு அடுக்கு ரப்பர் பாய் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை. நெம்புகோல் பெட்டியும் ஸ்னேர் பேடும் ஒரே ரேக் குழாயில் இருந்தும், ஒன்றின் அதிர்வு மற்றொன்றைத் தூண்டும் சிக்கல் வரவில்லை. ஹை-ஹேட் கட்டுப்பாடு அதிர்வால் இயங்குவதல்ல என்பதே காரணம். கேபிள்களில் இடது, வலது என்று எழுதாமல் நிற நாடா சுற்றியிருக்கிறார். செட்டைப் பூட்டுகிறவர் பெரும்பாலும் நானல்ல, ஒலியமைப்புக் குழுவின் பையன்கள்தான் என்பதால், யார் பூட்டினாலும் சரியாக வரும்படி இது உதவுகிறது.

இதோடு சேர்த்து அவர் தந்த ஒரு தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேடையில் செட்டை எந்தத் திசையில் வைக்க வேண்டும், கிக் எந்தப் பக்கம், மிக்சருக்கு எத்தனை லைன் போகிறது, ஸ்டூலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் வேண்டும், ஏறுவதற்குப் படியா சரிவா என்ற விவரங்களை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் எழுதி லேமினேட் செய்து கொடுத்தார். எல்லையின் இரு பக்கமும் வாசிப்பவருக்கு இது எத்தனை உதவியென்று சொல்லி மாளாது. விழாக் குழுவினர் என் காலைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவையே: இவரால் முழு நிகழ்ச்சியும் வாசிக்க முடியுமா, பாதியில் விட்டுவிடுவாரா, மாற்று ஆள் தயாரா. இப்போது முன்பணம் பேசும்போதே தாளின் படத்தை அனுப்பிவிடுகிறேன். பேச்சு என் காலைப் பற்றி அல்லாமல் லைன், இடம், நேரம் என்று தொழிலைப் பற்றியே நடக்கிறது.

ஸ்டூல் விஷயத்தில் எனக்கு முழு நிறைவு இல்லை. சாதாரண டிரம் ஸ்டூலில் முதுகுச்சாய்வு கிடையாது. இரண்டு பாதங்களையும் ஊன்றித்தான் உடலின் சமநிலையைக் காக்க வேண்டும். ஒரு பாதம் ஊன்றாதவர் முதுகுத் தசையால் அதை ஈடுகட்டி ஈடுகட்டி, இரவு படுக்கும்போது வலியோடு படுப்பார். பட்டறையில் பழைய அலுவலக நாற்காலியின் சாய்வை எடுத்து ஸ்டூலில் வெல்டிங் செய்து கொடுத்தார். சாய்வு நன்றாகவே தாங்குகிறது. ஆனால் வெல்டிங் தடிப்பாகவும் ஸ்டூல் மிகவும் கனமாகவும் ஆகிவிட்டது. ஊன்றுகோலோடு நடப்பவர் அதைத் தாமே தூக்க இயலாது. மடக்கும் வகையில் கழற்றிப் பூட்டும்படி செய்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

எலக்ட்ரானிக் செட் இல்லாமல் மரச் செட் வாசிப்பவர்களுக்கு இங்கே கிடைக்கும் உதவி குறைவு. தேவாலயங்களில் பெரும்பாலும் மரச் செட்தான் இருக்கிறது. அங்கே வாசிக்கும்போது நான் பழையபடி டபுள் பெடலுக்கே போகிறேன். அதன் தண்டு மூட்டுகளைப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை மாற்றி, தளர்வை நன்றாகக் குறைத்துக் கொடுத்தார். ஆனால் கேபிளால் இயங்கும் ஹை-ஹேட் ஸ்டாண்டை முழங்காலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு, அவ்வளவு இழுவிசையைத் தொடை தாங்காது என்று நேராகவே மறுத்துவிட்டார். தெரியாததைச் செய்து பார்க்கிறேன் என்று பணம் வாங்காத குணம் எனக்குப் பிடித்திருந்தது.

நான் காத்திருந்த வேளைகளில் வேறு வாடிக்கையாளர்களின் வேலைகளையும் பார்க்க நேர்ந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும் ஓர் இளைஞருக்கு, நாற்காலியின் கைப்பிடிக் குழாயிலேயே பூட்டும்படி ஆக்டோபேடுக்கு ஒரு தாங்கி செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கால்களில் அசைவு இல்லை. கிக் ஒலியைப் பேடின் கீழ் வரிசையில் ஒன்றுக்கு மாற்றி, இடது கையில் கிக்கும் ஸ்னேரும் வரும்படி வாசிப்பையே புதிதாக அமைத்துக்கொண்டிருந்தார்கள். திறந்த ஹை-ஹேட்டையும் மூடிய ஹை-ஹேட்டையும் இரண்டு பேடுகளில் வைத்து, மூடியதை அடித்தால் திறந்ததன் ஒலி உடனே அறுந்துவிடும்படி ஒரே மியூட் குரூப்பில் சேர்த்திருந்தார். முழங்கால் நெம்புகோல் தரும் பாதித் திறப்பு அதில் கிடைக்காது என்றாலும், வேகமான பாடல்களுக்கு அது தாராளமாகப் போதும். விலை குறைந்த பேடுகளில் இந்த வசதி இருக்காது என்பதால், பேட் வாங்கும் முன்பே இவரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கட்டணம் நியாயமானது. கிக் மாற்றம், நெம்புகோல், தோல் வேலை, ஸ்டூல், பெடல் பழுது எல்லாம் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் ஆயிற்று; சென்சாரும் கேபிளும் அதில் அடக்கம். நல்ல டபுள் பெடல் ஒன்றின் விலையே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். எனினும் பணம் தொடர்பாக ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே முறையான பில் கிடைப்பதில்லை. துண்டுத்தாளில் தொகை எழுதித் தருவார். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ளவர்களுக்குத் தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் சுயதொழில் கடன் மாநில அமைப்புகளின் வழியாகக் கிடைக்கிறது. அத்தகைய கடனுக்கு விண்ணப்பிப்பவர் வாங்கப்போகும் பொருளுக்கு விலைப்புள்ளியும் ரசீதும் காட்ட வேண்டிவரும். காலிபர், ஊன்றுகோல், மூன்று சக்கர வண்டி ஆகியவற்றுக்கு அரசு உதவி இருக்கிறது. வாத்தியத்தை மாற்றியமைக்கும் செலவைக் கலைஞர்தான் தம் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கலை, பண்பாட்டு வாழ்வில் சம பங்கைப் பற்றிப் பேசுகிறது. அதன் பலன் எங்களை எட்ட வேண்டுமானால், இப்படிப்பட்ட பட்டறைகள் பதிவு செய்துகொண்டு ரசீது தர வேண்டும். இதை அவரிடம் வற்புறுத்திச் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் கைப்பிடி இல்லாத மூன்று படிகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு இத்தனை அக்கறையோடு வேலை செய்யும் இடத்தில் ஒரு சரிவுப் பலகை இல்லாதிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சக்கர நாற்காலி இளைஞரை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். கழிப்பறையும் பின்பக்கம், குறுகலான சந்து ஒன்றைத் தாண்டி இருக்கிறது. இவ்விரண்டுக்கும் பெருஞ்செலவு ஆகாது. சொன்ன தேதிக்கு வேலை முடியாது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். மார்கழியிலிருந்து சித்திரை வரை திருவிழா நெருக்கடியில் ஆம்ப்ளிஃபயர்கள் வந்து குவியும்போது, மாற்றியமைக்கும் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. கச்சேரி ஒப்புக்கொண்ட தேதிக்கு முன்பாக வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் வருமானம் பாதிக்கும். ஆடியிலோ அதற்கு முன்போ கொண்டுபோவதே உத்தமம்.

போகிறவர்கள் செட்டோடு தாங்கள் மேடையில் அணியும் காலிபரையும் செருப்பையும் அணிந்தே போக வேண்டும். செருப்பின் தடிமன் மாறினால் பெடலின் கோணமும் மாறுகிறது. மாட்யூலின் அடாப்டரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், அவரிடம் எல்லா வகையும் இருக்காது. வழக்கமாக வாசிக்கும் பாடல்கள் சிலவற்றைக் கைபேசியில் வைத்திருங்கள். அளவெடுக்கும்போது அவர் கேட்பார். காலை பத்து மணிக்கு மேல் திறக்கிறார். அளவெடுக்கும் அன்று ஓர் அரை நாள் ஆகும் என்பதால், கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக வருகிறவர்கள் மதியத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை இல்லை. அன்று அவரே ஒரு தேவாலயத்தில் ஒலியமைப்பு பார்க்கிறார்.